அரத்துண்டு

எவர்சில்வரை முதலிலேயே தள்ளிவிடலாம்.
பளபளவென்று வந்து நிற்கும்,
எனக்குத் துரு கிடையாது என்று
சீர்வரிசைத் தட்டிலிருந்தே பேசும்.
நாலு இழுப்பில் விளிம்பு மழுங்கி
கரண்டிக் காம்பாகிவிடும்.

தேசிங்கு கேட்டது இவ்வளவுதான்:
"லாஞ்சுல போனா ஏழு நாள்.
மூணாம் நாள் தீப்பெட்டி நமுத்துடுது,
நாலாம் நாள் லைட்டர் சக்கரம் இறுகிடுது.
அஞ்சாம் நாள் டீ இல்லாம
ஒம்போது பேரு ஒருத்தர ஒருத்தர் பாக்கறது
உனக்குத் தெரியாது.
கழுத்துக் கயித்துல தொங்கணும்,
சுண்டுவிரல் அளவு.
ஈரக் கையில வழுக்கக் கூடாது."

பர்மா பஜாரில் குச்சி கிடைத்தது,
லைட்டர் கல்லையே நீட்டி வைத்தாற்போல்.
அதைச் சுரண்ட ஒரு பல் வேண்டும்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் அடைத்தால்
என் பட்டறை வாசலில் கூட்டம் நிற்கும்.
சாணைச் சக்கரத்தில் ஒவ்வொன்றாகக் காட்டினேன்.
கட்டுக்கம்பி: நீள மஞ்சள் கோடு, பூவே இல்லை.
லாரி ஸ்பிரிங் பட்டை: கோட்டின் நுனியில் இரண்டு கிளை.
பழைய அரம் தொட்டதுதான் தாமதம்,
கொத்துக் கொத்தாக வெடித்தது.
ஸ்கூட்டர் முன்னால் நின்றிருந்த குழந்தை
கைதட்டியது.
கேட் திறந்தது, போய்விட்டார்கள்.

ஆக, அரத்துண்டு.
ஷரீப் பாய் கடைக் குவியலிலிருந்து.
தேய்க்கும்போது தண்ணீரில் முக்கி முக்கி எடுக்க வேண்டும்.
சூட்டில் நீலம் பாய்ந்துவிட்டால்
அதன் கோபம் போய்விடும்,
பிறகு அது வெறும் இரும்பு.

உடம்புக்கு அலுமினியம் வேண்டாம்.
கனமில்லைதான். ஆனால் உப்புத் தண்ணீரில்
இரும்புக்குப் பக்கத்தில் வைத்தால்
வெள்ளையாகப் பூத்துப் பூத்து
தன்னையே கொடுத்துத் தீர்ந்துபோகும்.
அந்த மாதிரி ஆட்களை எனக்குத் தெரியும்.

பித்தளை.
அதனோடு சேர்ந்தால் தேய்வது இரும்பு.
நடுவில் சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி வைத்தேன்.
குச்சியைக் கடல்காற்றே தின்றுவிடும்;
அதற்குச் சிவப்பு நகப்பூச்சு, இரண்டு தடவை.
கடைக்காரி என் கிரீஸ் நகங்களைப் பார்த்துவிட்டு
"எந்த கலர்க்கா?" என்றாள்.
"எது சீக்கிரம் காயும்?" என்றேன்.

வீட்டுக்காரர் லோகுவுக்கு மணலியில் வேலை, காண்டிராக்ட்.
அங்கே சுத்தியல்கூட வெண்கலம்.
ஓங்கி அடித்தாலும் பொறி வராது,
வரக் கூடாது.
பீடிக்கட்டு முதல் செல்போன் வரை
கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

முடித்ததை ராத்திரி மேசையில் வைத்தேன்,
அவர் சாப்பாட்டுப் பைக்குப் பக்கத்தில்
என்று ஞாபகம்.

பக்கத்தில் இல்லை.

காலை பத்தரைக்கே திரும்பி வந்தார்.
ஒருநாள் கூலி போயிற்று,
நோட்டில் பெயர் ஏறிற்று.
ஒன்றும் பேசாமல் உட்கார்ந்து
மத்தியானத்துத் தயிர்ச்சோற்றைத் தின்றார்.
நான் திட்டு வாங்க நின்றுகொண்டே இருந்தேன்.

கை கழுவிவிட்டுச் சொன்னார்:
"செக்யூரிட்டி மூணு பேரும்
ரோட்டுக்கு அந்தாண்ட போய் இழுத்துப் பாத்தாங்க."
"வந்துதா?"
"மூணு பேருக்கும்."

தேசிங்கு இன்னும் இரண்டு கேட்டிருக்கிறார்.
ராத்திரியில் நடுக்கடலிலிருந்து பார்த்தால்
மணலிக் குழாய் உச்சியில் எரிகிற தீதான்
கரை எந்தப் பக்கம் என்று சொல்லுமாம்.
லோகுவிடம் சொன்னேன்.
"அத மட்டும் எவனும் கேட்ல நிறுத்த மாட்டான்" என்று
திரும்பிப் படுத்தார்.

இப்போதெல்லாம் பையைக் கவிழ்த்து
உதறிவிட்டுத்தான் சோறு கட்டுகிறேன்.
நேற்று ஒரு துகள் விழுந்தது,
மஞ்சளாக, சுருண்டு.
எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.
"பித்தளை. இது ஒண்ணும் பண்ணாது."
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
வேலைக்குப் போனார்.