மூடியோடு எடுத்த இருபது படங்கள்

கேமரா கல்யாண வீடுகளிலிருந்து வந்தது.
டெப்ரெட்சனில் ஒருவர் தொழிலை விட்டபோது
பாதி விலைக்குத் தந்தார்.
எண்பதாயிரம் முத்தங்களைப் பார்த்து அலுத்த ஷட்டர்.

ஜூலையில் சமையல் மேசைமேல் அதைப் பிரித்தேன்.
சென்சாருக்கு முன்னால் தபால்தலை அளவில் ஒரு நீலக் கண்ணாடி.
முகம் முகமாய்த் தெரியவேண்டுமென்று
ஆழ்சிவப்பைத் தடுத்து நிறுத்துகிற கண்ணாடி.
ஹைட்ரஜன் ஒளிர்வது அந்தச் சிவப்பில்தான்.
கழற்றி எறிந்தேன். மறுபடி பூட்டியபோது
ஒரு திருகாணி மிஞ்சியது.
எதனுடையது என்று இன்றுவரை தெரியாது.

அக்டோபர். ஹொர்டோபாஜ் சமவெளி.
தரை, தரை, ஓர் ஏற்றக் கிணறு, மறுபடி தரை.

பகலெல்லாம் எக்ஸ்ரே அறையில் சொல்வேன்:
மூச்சை இழுங்க. அசையாதீங்க. விடலாம்.
இரவில் முக்காலியிடம் சொல்கிறேன்.
துருவ விண்மீனுக்கு அச்சை ஒப்படைத்துவிட்டால்
பூமி உருள்கிற உருட்டலைச் சின்ன மோட்டார் ஒன்று
திரும்ப உருட்டிக்கொண்டிருக்கும்.
மூன்று நிமிடம். விடலாம்.

முதல் படத்தில் புழுதி.
அன்னத்தின் இறக்கைக்குக் கீழே
என்றோ வெடித்துச் செத்த ஒரு விண்மீனின் முக்காடு
அங்கேதான் கிடக்கிறதென்று வரைபடம் சொல்கிறது.
படம் சொல்லவில்லை.

ஒற்றைப் படத்தை நம்பாதே.
(ஆஸ்பத்திரியில் இதை வாய்விட்டுச் சொல்ல முடியாது.)
நூறு எடு. இடையிடையே கடுகளவு சட்டகத்தை நகர்த்து,
கெட்ட புள்ளி ஒரே இடத்தில் இருமுறை பொய் சொல்லாதபடி.
அடுக்கினால் வெளிச்சம் நூறு மடங்கு,
இரைச்சல் பத்தே மடங்கு.
கணக்கு இவ்வளவு இரக்கமாய் நடந்து
நான் வேறெங்கும் கண்டதில்லை.

நாற்பத்தொன்றில் விண்மீன்களெல்லாம் கொக்கி கொக்கியாய்.
நாற்பத்திரண்டில் வெறும் கிறுக்கல்.
சிவப்பு டார்ச்சை அடித்தால்
ஒரு சாம்பல் மாடு
முக்காலியில் கழுத்தைச் சொறிந்துகொண்டிருக்கிறது,
ஒரு கொம்பு கிழக்கே, ஒரு கொம்பு மேற்கே.

மேய்ப்பர் அம்ப்ரூஷ் ஜீப்பில் வந்தார்,
ஹெட்லைட் முழுசாய்.
நாற்பத்துமூன்று வெள்ளை.
"வழி தப்பிய ஆளா, மாடு பிடிக்க வந்த ஆளா?"
நெபுலா என்றேன்.
பின்திரையைக் குனிந்து பார்த்தார்.
"ஒண்ணுமில்லையே."
ஆமாம், இன்னும் இல்லை.
வந்தால் அனுப்பச் சொல்லி
சிகரெட் அட்டையில் எண்ணை எழுதிக் கொடுத்தார்.
போகும்போது விளக்கை அணைத்துவிட்டு
சேற்றில் தடவித் தடவி ஓட்டினார்.
மாடு பின்னாலேயே போனது.

லென்ஸில் பனி கோத்தது. கைச்சூட்டுப் பை ஒன்றை
ரப்பர் பேண்டால் கட்டினேன்.
மாற்று பாட்டரி என் அக்குளில்.

ஒரு மணிக்கு மூடியைப் போட்டேன்.
அதே குளிர், அதே மூன்று நிமிடம், மூடியோடு இருபது படம்.
இருட்டை எடுத்தால் இருட்டு வருவதில்லை:
சூடேறிய புள்ளிகள், ஓரத்தில் ஓர் ஊதாக் கசிவு,
எதுவும் முன்னால் இல்லாதபோது
கேமரா கண்டதாய் நினைத்துக்கொள்பவை.
கழித்துவிட வேண்டும்.

அந்த ஒரு மணி நேரம் எனக்கு வேலையில்லை.
பெருங்கொக்குகள் தலைக்கு மேல் கத்திக்கொண்டே போயின,
ஆயிரமோ ஐயாயிரமோ,
மூடியிருந்த லென்ஸுக்கு மேலே.
நானும் கண்ணை மூடிப் பார்த்தேன்.
வந்தவற்றை இங்கே எழுதப்போவதில்லை.

விடியலில் தலையணை உறையை லென்ஸ்மேல் இழுத்துக் கட்டி
வெளுக்கும் வானத்தைப் பார்த்துப் பத்து படம்,
தூசிகளின் நிழலுக்காக.
ஒரு தூசி, யார் தலையிலோ தூவிய
கல்யாண அரிசியின் தவிடாய் இருக்கலாம்.

ஞாயிறு மதியம்
மடிக்கணினி அடுக்கி முடித்து விசிறியை நிறுத்தியது.
கறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாய் இழுத்தேன்.
ஒரு சிவப்பு நூல். பக்கத்திலேயே
கடல்பச்சையில் இன்னொன்று, கிழிந்து கிழிந்து.
வீட்டில் யாருமில்லை. எழுந்து நின்றேன்.

அம்ப்ரூஷுக்கு அனுப்பினேன்.
சாயங்காலம் பதில் வந்தது:
"மாடு எங்கே?"

நாற்பத்திரண்டை அழிக்காமல் வைத்திருந்தேன்.
அதை அனுப்பினேன்.