மிச்ச இடம்

முந்நூறு வெள்ளி குறைந்துவிட்டது.
ஒட்டுத்தாள் சுருளோடு ஏணியில் நிற்கிறேன்.
பழைய விலையை உரிக்க வேண்டாமாம்,
அதன் மேலேயே ஒட்டணுமாம்.
ஓரத்தில் பழசு கொஞ்சம் எட்டிப் பார்த்தால்தான்
வாங்குகிறவருக்கு மனசு நிறையுமாம்.
தவுக்கேக்கு இதெல்லாம் தெரியும்.
பகாவ் பஸ் நிலையத்துக்கு எதிரே
இருபது வருடமாய்க் கடை.

இரண்டு வகைப் பெட்டிதான்.
ஒரே கறுப்பு. ஒரே பையன்
ஒரே துப்பாக்கியோடு குதிக்கிறான்.
மூலையில் மட்டும்
ஒன்றில் ஐந்நூறு ஜிபி, மற்றதில் ஒரு டெரா.
என்ன வித்தியாசம் என்று கேட்டால்
"ஒரு ரூம் வீடு, ரெண்டு ரூம் வீடு" என்பேன்.
தோட்டத்து ஆட்கள் உடனே தலையாட்டுவார்கள்.
ஒரு அக்கா மட்டும் கேட்டார்,
"குசினி எதுல பெருசு?"

பதினோரு நாளைக்கு முன்னால்
லோகேந்திரன் சின்னதை வாங்கினார்.
செம்பனை ஆலையில் லோரி எடை போடும் வேலை.
ஏற்றி வந்த லோரி, இறக்கிப் போகும் லோரி,
கழித்தால் வருவது பழம்.
அன்றைக்கும் கழித்துத்தான் பார்த்தார்:
மோட்டார் தவணை, தங்கச்சி காலேஜ், மளிகைக் கடன்.
மிச்சத்துக்குள் ஐந்நூறு ஜிபிதான் நின்றது.
பெரிய பெட்டியை ஒரு தடவை தூக்கிப் பார்த்து
"ரெண்டும் ஒரே கனம்தான்" என்று
இருந்த இடத்திலேயே வைத்தார்.

இன்று பெரியதன் விலை
அவர் சின்னதுக்குக் கொடுத்த அதே விலை.
ரசீது நகலை எடுத்து
காசு வரைக்கும் பார்த்தேன். அதே.

போன சனிக்கிழமை வந்திருந்தார்.
அவர் லயத்துப் பக்கம் லைன் கிடையாது,
பனை மட்டைக்குள் ஒரு கோடு வரும், போகும்.
பெட்டியைத் துண்டில் சுற்றி, அரிசிச் சாக்கில் போட்டு,
மோட்டார் கூடையில் வைத்துக் கொண்டுவந்து
கடை வைஃபையில் அப்டேட் இறக்கினார்.
எண்பது ஜிபி கேட்டது. இடமில்லை என்றது.
கல்லாவுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து
வெகுநேரம் யோசித்து
கார் பந்தயத்தை அழித்தார்.
"வண்டி ஓடுறத வேலையிலயே பாக்குறேன்."

நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு.
விலைத் தாள் செரம்பானிலிருந்து வந்தது
இந்த வெள்ளிக்கிழமை அல்ல,
அதற்கு இரண்டு வெள்ளி முன்னால்.
அதுவரைக்கும் வாயைத் திறக்காதே என்றார் தவுக்கே.
ஒரு பெட்டிக்கு எனக்குப் பதினைந்து வெள்ளி.

இன்று சனி. மழைக்கு முன்னால் வந்துவிட்டார்.
சாக்கைக் கீழே வைக்காமலே
மேல் தட்டைப் பார்த்தார்.
புது ஒட்டுத்தாளின் ஓரத்தை நகத்தால் நெம்பி
அடியில் இருந்த எண்ணைப் படித்தார்,
மறுபடி அழுத்தி ஒட்டினார்.
அப்புறம் என்னைப் பார்த்தார்.

"பழத்துல தண்ணி அடிச்சு ஏத்திட்டு வருவானுங்க.
தராசுக்கு முன்னாடியே
மூஞ்சில தெரிஞ்சிரும்."

அவ்வளவுதான். ஸ்டூலை இழுத்துக்கொண்டு
பாஸ்வர்ட் மாறலியே என்றார்.
மாறலண்ணே என்றேன்.

கடை ஒன்பதரைக்குச் சாத்தணும்.
அறுபத்து நாலு சதவீதம்.
ஷட்டரைப் பாதியில் நிறுத்திவிட்டு
விரலில் ஒட்டிய பிசினை
உரித்துக்கொண்டிருந்தேன்.