வால்மீன் அல்லாதவை

தீக்குச்சி கிழித்தேன்.
ஹோர்தோபாஜ் சமவெளியில் நான்கு பேர்
ஒரே மூச்சில் என்னைத் திட்டினார்கள்.
இருட்டுக்குப் பழகக் கண்ணுக்கு
அரைமணி நேரம் வேண்டும்.
கெடுக்க ஒரு குச்சி போதும்.

"அணைச்சுட்டு வா, லோரின்ட்ஸ்.
இல்ல, அணைக்கவே வேணாம், அங்கேயே நில்லு"
என்றாள் கிஸெல்லா.
ஐம்பதடி தள்ளி, காருக்குப் பின்னால்,
காற்றுக்கு முதுகு காட்டி நின்றேன்.
சனிக்கோளைப் பார்த்து அவர்கள்
ஏதோ சொல்லிச் சிரித்தது கேட்டது.
முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக
சிகரெட்டுக்குத் துணை நான் மட்டும்.

தெப்ரெட்சனில் டிராம் ஓட்டுகிறவன் நான்.
கடைசி நிறுத்தத்தில் ஆறு நிமிஷ ஓய்வு.
ஒரு சிகரெட்டும் ஆறு நிமிஷம்.
எதைப் பார்த்து எதை அளந்தார்களோ.

விடுகிறேன் என்றபோது
ஒருவரும் கைதட்டவில்லை.
ரயில்வேயில் சிக்னல் பார்த்த டெஷோ
மடிப்புகளில் கிழிந்த ஒரு தாளைக் கொடுத்தார்.
மெஸ்ஸியே பட்டியல். நூற்றுப்பத்து வரி.
"புகைக்காத நாளுக்கு ஒண்ணு அடி.
வானம் மூடியிருந்தாலும் அடி.
அது அங்கேதான் இருக்கும்."

முதல் நாள், நண்டு.
என்றோ வெடித்த நட்சத்திரம்
இன்னும் ஊதிக்கொண்டிருக்கிற புகை.
"நல்ல சகுனம்" என்று பர்னபாஷ்
என் கோட்டுப் பையில் கொட்டினான்
வறுத்த சூரியகாந்தி விதைகளை.
ஒரு வாரத்தில் ஓட்டுநர் அறை முழுக்கத் தோல்.
கிளி வளர்க்கிறாயா என்றார்கள் பணிமனையில்.

நிகோட்டின் பட்டை விற்ற இல்திகோதான்
பதினோராம் இரவு சொன்னாள்:
வால்மீன் தேடின மனுஷன் அவர்.
வால்மீன் மாதிரியே மங்கலாய்த் தெரிந்து
ஏமாற்றியதையெல்லாம் எழுதி வைத்தார்,
மறுபடி ஏமாறாமலிருக்க.

அன்றைக்கு நானும் ஒன்று தொடங்கினேன்.
காபிக்குப் பின் வருவது, பசி அல்ல.
ஆறாம் நிமிஷத்தில் வருவது, அவசியம் அல்ல.
மகன் போனை வைத்தபின் வருவது,
அதற்கு என்ன பெயர் எழுத?
வால்மீன் அல்ல. அதுமட்டும் நிச்சயம்.

நாற்பதாம் நாள் பிடித்தேன்.
ஒன்றல்ல, மூன்று.
வருஷம் முடிய இரண்டு நாள்,
தண்டவாளத்தில் பனி, காரணம் ஏதுமில்லை.

முதலிலிருந்து தொடங்கு என்றார் டெஷோ.
சிக்னல்காரர், அவருக்குச் சிவப்பென்றால் சிவப்பு.
கிஸெல்லா பதில் சொல்லாமல்
தொலைநோக்கியைச் சப்தரிஷிப் பக்கம் திருப்பினாள்.
"இதுதான் நாற்பது. பாரு."
இரண்டு நட்சத்திரம். வெறும் இரண்டு.
ஒட்டில்லை, உறவில்லை.
"யாரோ சொன்ன மேகத்தைத் தேடிப் போய்
அவருக்குக் கிடைச்சது இவ்வளவுதான்.
இருந்தாலும் நம்பர் போட்டார்.
அப்புறம் நாற்பத்தொண்ணு எழுதினார்."

டெஷோ வெகுநேரம் விதை கொறித்தார்.
பிறகு தாளை வாங்கி
நாற்பதின் மேல் கோடு போடாமல்
சின்னதாய் ஒரு வட்டம் போட்டுத் தந்தார்.

நாற்பத்தைந்தில் அறுமீன்.
வெறுங்கண்ணால் ஏழு எண்ணினேன்.
கிஸெல்லா ஒன்பது என்றாள்.
பொய்யாக இருக்கும்.
ஆனாலும் அன்றிரவு முழுக்க
எட்டாவதைத்தான் தேடினேன், வேறெதையுமல்ல.

சிகரெட் பிடித்த அதே இரண்டு விரல்
இப்போது குவியக் குமிழைத் திருகுகிறது,
மயிரிழை இப்படி, மயிரிழை அப்படி.
அதில் மஞ்சள் இன்னும் போகவில்லை.

நூற்றுப்பத்தாம் இரவு ஒரே மூட்டம்.
ஆந்திரமீடாவின் துணைப் பேரடை
மேற்கே எங்கோ மேகத்துக்குள்
இறங்கிக்கொண்டிருக்க வேண்டும்.
ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.
இருட்டில் தடவித் தடவிக் கோடு போட்டேன்.

"நாளைக்கு?"
"நாளைக்கு நம்பர் இல்லை" என்றார் டெஷோ.

விதை கை மாறியது, பிளாஸ்க் கை மாறியது.
கிழக்கே மேகத்தில் ஒரு கிழிசல்,
அதில் எந்தப் பட்டியலிலும் தேட முடியாமல்
ஒரு நட்சத்திரம்.
ஐந்து பேரும் அண்ணாந்தோம்.
ஐந்து வாயிலிருந்தும் குளிருக்கு
வெள்ளையாய் மூச்சு வந்தது.
என்னுடையது எது என்று தெரியவில்லை.