ஒட்டுச்செடி எண் 41

கிஃபூவில் மழை. ஞாயிற்றுக்கிழமை.
ஆய்வுக்கூடத்தில் நானும்
குளிர்பெட்டியின் முனகலும்.
வேரைக் கழுவிக் கறுப்புத் தட்டில் பரப்பி
கட்டைவிரலால் எண்ணுகருவியை அழுத்துகிறேன்:
டிக். டிக்.
ஒரு முடிச்சுக்கு ஒரு டிக்.

மியாகோகுசா.
ரயில் பாதையோரம் மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கும்,
யாரும் குனிந்து பாராத செடி.
தழைச்சத்து வற்றிய மண்ணில்
அதன் வேர் ஏதோ ஒன்றைக் கசியவிடும்;
பாக்டீரியா பதில் சொல்லும்;
வேர்த்தூவி சுருண்டு
வந்ததை உள்ளே பொத்திக்கொள்ளும்.
பிறகு ஒரு முடிச்சு.
நகத்தால் கீறினால் இளஞ்சிவப்பு,
நம் ரத்தத்தின் தூரத்து உறவு.

இலவசமில்லை.
குடிவந்தவர்களுக்குச் சர்க்கரை அளக்க வேண்டும்.
எத்தனை பேருக்கு என்பதுதான் கேள்வி.

எங்களிடம் ஒரு பிறழ்செடி உண்டு.
ஒரே மரபணுவில் ஒரே எழுத்துப் பிழை.
அதற்குக் கதவைச் சாத்தத் தெரியாது.
மணிமேல் மணியாய், வேரே மறையுமளவு முடிச்சு.
மேலே சுண்டுவிரல் உயரம்,
வெளிறிய இலை நான்கு.

"கோளாறு வேரில்தான்," என்றார் நுகுயி.
"இல்லையென்றால் உதோன் என் செலவு."
நானும் அப்படித்தான் நினைத்தேன்.
முடிச்சு விழுவது வேரில்தானே.

ஐந்து நாள் நாற்றுகள், சவர அலகு.
உருப்பெருக்கிக்கு அடியில் மூச்சை நிறுத்தி
பிறழ்ந்த தலையை நல்ல வேரிலும்
நல்ல தலையைப் பிறழ்ந்த வேரிலும் வைத்து
மெல்லிய சிலிக்கான் குழாயை
வளையல்போல மாட்டினேன்.
அறுபதில் முப்பத்திரண்டு செத்தன.
அந்த வாரம் பல்வலியைக்கூட ஒத்திப்போட்டேன்.

இன்று ஐந்தாம் வாரம்.
நாற்பத்தொன்று: நல்ல வேர், பிறழ்ந்த தலை.
நூற்றைம்பதில் விரல் மரத்தது.
பக்கத்துச் சட்டி: பிறழ்ந்த வேர், நல்ல தலை.
ஒன்பது.
மறுபடி எண்ணினேன்.
ஒன்பது.

வேர்மேல் குற்றமே இல்லை.
முடிச்சு பிறக்கும்போதெல்லாம்
சின்னஞ்சிறு புரதத் துணுக்கொன்றை
நீரோடு நீராக மேலே அனுப்பிக்கொண்டுதான் இருந்தது.
அங்கே வாங்கிக்கொள்ள ஆளில்லை,
அவ்வளவுதான்.

மண்ணையே பார்த்திராத இலை.
வீட்டில் எவ்வளவு சர்க்கரை என்று
அதற்குத்தான் தெரியும்.
போதும் என்பதும் இலைதான்.

நுகுயிக்கு எண்களை அனுப்பினேன்.
"பெயர்ச்சீட்டு மாறியிருக்கும்."
படம் எடுத்து அனுப்பினேன், இரண்டு கோணத்தில்.
நெடுநேரம் கழித்து:
"முட்டையோடா, முட்டை இல்லாமலா?"

சிரிப்பு வந்தது. பதில் போடவில்லை.
பக்கத்துச் சட்டிக்காரியைத் திருப்பி
ஒட்டுத் தழும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மயிரிழைக் கோடு.
என் கை நடுங்கியதால் சற்றே கோணல்.
அந்தக் கோணல் வழியாகவும்
சேதி ஏறியிருக்கிறது,
மறுமொழி இறங்கியிருக்கிறது.

இன்னும் பதினேழு சட்டி.
டிக்.