அறுபத்தெட்டுக் கிலோ

தோசைத் திருப்பியைக் காணோம் என்றேன்.
மிஷின் மேல பாருங்க என்றாள் துளசிமணி.
இருந்தது.
அடுப்பில் காட்டிய சூட்டோடு
ஒரு தையலை அமுக்கிப் படுத்திருந்தது.
நேற்றைய தோசையில் நீலநூல் ஒன்று வந்தது.
கறிவேப்பிலையை ஒதுக்குவதுபோல
வட்டல் ஓரத்தில் ஒதுக்கினேன்.

சாயப்பட்டறையைச் சாத்தி நாற்பது நாள்.
மண்ணரை லைன் வீட்டில்
பகலுக்கு எவ்வளவு நீளம் என்று
இப்போதுதான் தெரிகிறது.
காதர்பேட்டையில் எடை போட்டு வாங்கிய கட்பீஸ்
கட்டிலுக்கு அடியில் ஒரு மூட்டை,
மேலே இரண்டு.
அவிநாசி ரோட்டு ஃபிளாட்டில் ஒரு அம்மாவுக்கு
ஒட்டுப்போர்வை வேண்டுமாம்.
இரண்டாயிரத்து இருநூறு பேசி
ஐந்நூறு அட்வான்ஸ்.
அது அரிசியாகி, அந்த அரிசியும் தீர்ந்துவிட்டது.

கம்பெனியில் இவளுக்குக்
கட்டிங் டேபிள் இருந்தது, சாக்பீஸ் இருந்தது,
அளவுத் தகடும் கத்திரியும் இருந்தன.
அவளை நிறுத்தியபோது
அவை அங்கேயே இருந்துகொண்டன.

தேய்ந்த சோப்புத் துண்டை
ஜன்னலில் ஒரு வாரம் காயப்போட்டாள்.
கருநீலத் துணியில் வெள்ளைக்கோடு இழுக்கிறது.
துவைத்தால் போய்விடுமா?
சோப்புதானுங்க, போகாம என்ன பண்ணும்?

பெரிய வளைவுக்கு வட்டல்.
சின்ன வட்டத்துக்குக் காப்பி டம்ளர்.
ஒறம்பரை வந்த அன்று
டம்ளரை எடுக்க விடவில்லை.
பாதி வட்டம் போட்டாயிற்றாம்.
நாச்சிமுத்து மாமனுக்குச் சொம்பு நிறையக் காப்பி.
உங்கூட்டுல மனசு பெருசு மாப்ள என்று
மிச்சமில்லாமல் குடித்துவிட்டுப் போனார்.

துணிக்கிளிப் எல்லாம்
போர்வை விளிம்பைக் கட்டெறும்பாய்க் கவ்வியிருக்க,
கொடியில் போட்ட என் பனியன்
எதிர்வீட்டு முருங்கையில் காய்ந்தது.

நூல்கோன் துள்ளாமல் நிற்க
நான் வேலைக்குச் சோறு கொண்டுபோகும் போசி.
எப்படியும் சும்மாதானே கெடக்குது என்றாள்.
போசியைத்தான் சொன்னாள்.

முக்கோணம் வரைய அட்டை நைந்துபோகிறது என்று
என் எக்ஸ்ரேயை வெட்டிவிட்டாள்.
போன வருஷம் ஈரத்துணிப் பாரம் தூக்கி
இடுப்புப் பிடித்தபோது எடுத்தது. அறுநூறு ரூபாய்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
முக்கோணத்துக்குள்
என் முதுகெலும்பின் இரண்டு கண்ணிகள்.
அதைவைத்து நூற்று நாற்பது தடவை வரைந்திருக்கிறாள்,
மஞ்சளில், சாம்பலில்,
எந்த நாட்டுப் பிள்ளைக்கோ போயிருக்க வேண்டிய
வாத்துப் படத்தின் மேல்.
தேய்ந்திருக்கிறது என்று டாக்டர் விரல்வைத்த இடம்
மிச்ச ஃபிலிமோடு குப்பைக்குப் போனதா,
கேட்கவில்லை.

நேற்று ராத்திரி
கட்டிலைச் சுவரோடு நிமிர்த்திவிட்டுத்
தரையில் விரித்தாள்.
அடியில் வேட்டி, நடுவில் பழைய கம்பளி,
மேலே அத்தனை முக்கோணங்கள்.
ஒரு மூலைக்கு அம்மிக் குழவி.
ஒரு மூலைக்குத் தண்ணீர் நிறைத்த குக்கர்.
இன்னொன்றுக்குக் காலி சிலிண்டர்.
நாலாவது மூலை சுருண்டது.
அட்டாலியைப் பார்த்தாள்.
அடுப்படியைப் பார்த்தாள்.
பிறகு என்னை.

ஏனுங்க, அந்த மூலைல உக்காருங்க.
அசையாம.

அறுபத்தெட்டுக் கிலோ.
பட்டறை எடைமிஷினில் கடைசியாய் ஏறியபோது.
இப்போது குறைந்திருக்கலாம்.
துணி அதைக் கண்டுபிடிக்கவில்லை.

வாயில் நாலு குண்டூசியோடு
முழங்காலில் நகர்ந்து நகர்ந்து அவள் தைத்தாள்.
பேச்சே இல்லை.
மின்விசிறியை நிறுத்தியிருந்தோம்.
பக்கத்து வீட்டு ஓவர்லாக் ஓடி ஓய்ந்தது.
இடுப்பு விண்ணென்றது.
குழவி ஏதாவது சொன்னதா?
நானும் சொல்லவில்லை.

முடித்ததும்,
கெட்டுப்போன ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைத்
தரையெல்லாம் ஓட்டி எண்ணினாள்.
முப்பத்தொன்பது. ஒன்று குறைகிறது.
எந்திரிங்க என்றாள்.

எனக்குக் கீழேதான் இருந்தது,
கொஞ்சம் வளைந்து.

இத்தன நேரம் குத்திருக்குமே,
சொல்றதுக்கென்ன?

துணி நகந்துருமல்ல என்றேன்.