ரஃப்த்

நான் என்றால் ரொட்டி.
மன் என்றால் நான்.
மன் நான் மீஹொரம்:
நான் ரொட்டி தின்னுறன்.
முதல் பாடம் சிரிப்பாகத்தான் இருந்தது,
பெரியகல்லாற்றில் கரண்ட் போன ராத்திரி,
போன் வெளிச்சத்தில்,
சின்னவளின் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில்.

எழுவாய், செயப்படுபொருள், வினை.
நம்மட ஒழுங்குதான்.
அவர்களும் வினையைக் கடைசிவரைக்கும்
வாய்க்குள் வைத்திருக்கிறார்கள்.
நம்மட ஐ அங்கே ரா.
கெஷ்தி ரா கெரெஃப்தந்த்:
கப்பலைப் பிடித்தார்கள்.
இந்த வசனம் புத்தகத்தில் இல்லை,
நானே கட்டினது.

என் புருசன் எனும்போது
தமிழில் நான் முன்னுக்கு நிற்பேன்.
அங்கே புருசன் முதலில்,
பிறகு ஒரு குட்டி எகரம்,
அதற்குப் பிறகே நான்.
ஷொஹர்-எ மன்.
கோட்டைக்கல்லாற்றுப் பாலம் மாதிரி அந்த எகரம்.
நாலு மாதமாக அதில்தான் நிற்கிறேன்.

இல்லை நமக்கு வாலில் வரும்,
அதுவரை நம்பிக்கொண்டிருக்கலாம்.
அங்கே முன்னாலேயே வந்து கதவைச் சாத்தும்.
நெமீதானம்: எனக்குத் தெரியாது.
ஏஜென்சிக்காரர் இதைக் கொழும்பிலிருந்து
தமிழிலேயே சொன்னார்.

பந்தர் என்றால் துறைமுகம்.
பந்தர் அப்பாசுக்கு எடுத்தேன்.
ஆரோ ஒரு குமாஸ்தா.
எழுதி வைத்ததை ஒரே மூச்சில் வாசித்தேன்:
ஷொஹர்-எ மன் கொஜாஸ்த்?
யோகராசா தவசீலன்.
கப்பலின் பெயரையும் சொன்னேன்.
கடதாசி புரண்டது.
அவர் நீளமாக ஒன்றைத் தொடங்கினார்.
ஒன்றும் பிடிபடவில்லை.
கடைசிச் சொல் வரட்டும் என்று காத்திருந்தேன்,
அது எனக்குப் பழக்கம்,
நம்மட ரேடியோவிலும் செய்தி அப்படித்தான் வரும்.

ரஃப்த், என்றார்.

வினையின் வாலைப் பிடித்தால்
நமக்கு ஆள் தெரியும்.
போனான், போனாள், போனது.
ரஃப்துக்கு வாலில்லை.
ஆணுமில்லை பெண்ணுமில்லை,
உயிருள்ளதா என்றும் கேட்காது.

கப்பல் போனதா,
அவர் போனாரா,
போனார் என்றால்
எந்தப் போனார்?

லைன் கட்டாகிவிட்டது.
ரீலோட் முடிஞ்சு.

மறுகா கொப்பியைத் திறந்தேன்.
கி: ஆர்.
ச்சி: என்ன.
இரண்டும் முதற் பக்கத்திலேயே இருந்திருக்கு,
ரொட்டிக்குக் கீழே.

விடியக் கடை திறக்கும்.
அதுவரை, தேங்காய் துருவிக்கொண்டு,
குரல் நடுங்காத மட்டும்
சொல்லிப் பார்க்கிறேன்.
கி ரஃப்த்?
ச்சி ரஃப்த்?