சோத்துக்கைப் பக்கம்

முப்பத்தெட்டு வயதில்
லேனர்ஸ் வானின் சாரதி ஆசனத்தில் ஏறினேன்.
முன்னும் பின்னும் சிவப்பு எல் அட்டை.
"இடது சிக்னல் போடுங்கோ அக்கா" என்றான் ரிஸ்மி.
வைப்பர் ஆடியது.
சொட்டு மழையில்லாத ஓகஸ்ட்.

இடம், வலம்.
இரண்டும் மூன்றெழுத்து.
அவசரத்தில் ஒன்றின் சட்டையை
மற்றது மாட்டிக்கொண்டு வரும்.

"கடலைக் குறி வையுங்கோ" என்றான்.
கிண்ணியாக்காரன், அவனுக்கு அது லேசு.
இந்த ஊருக்கோ இரண்டு பக்கமும் கடல்.
துறைமுகத்தில் தூங்குகிற கடல்,
டச் பேயில் அலைகிற கடல்.
போகும்போது சரியாகத்தான் இருந்தது.
திருப்பிக்கொண்டு வந்தால்
இரண்டும் கதிரை மாறி உட்கார்ந்திருந்தன.

பிறகு நானே கண்டுபிடித்தேன்:
இடது மணிக்கட்டில் போறணைத் தகரம் சுட்ட தழும்பு.
அது இருக்கிற பக்கம் இடம்.
சோறு தின்கிற பக்கம் வலம்.
"சோத்துக்கைப் பக்கம், சோத்துக்கைப் பக்கம்!"
மடத்தடிச் சந்தியில் ரிஸ்மி கத்த
பொலிஸ்காரர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார்.

எழுத்துப் பரீட்சை வேறு ரகம்.
வட்டம், முக்கோணம், மஞ்சள் சாய்சதுரம்
என்னிடம் நேர்மையாக நடந்துகொண்டன.
வளைவுப் படம் வளைந்தே நின்றது.
கேள்விகள்தான்.
கொம்பு எழுத்துக்கு முன்னே நிற்கும்,
அதன் ஒலி பின்னே வரும்.
யார் யாரை முந்தலாம் என்று
அங்கே ஒரு வெள்ளைக்கோடும் கிடையாது.
மணி அடித்தபோது
பத்தொன்பதாம் கேள்வியில் நின்றேன்.
அடுத்த முறை, இருபத்தாறில்.

"படிக்கத் தெரியாதா?" என்றார் கவுண்டரில் இருந்தவர்.
தெரியும்.
வேறு வேகத்தில் தெரியும்.
சொல்ல வாய் வருவதற்குள்
அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.
என் படிவத்தில்
கிருபாலினியைக் கிருபாளினி என்று எழுதியிருந்தார்.
எனக்கும் தெரியவில்லை, மகள்தான் பிடித்தாள்.
அன்றிரவு சிரித்த சிரிப்பில்
பருப்பு அடிப்பிடித்தது.

மூன்றாம் முறைக்கு
மகள் எல்லாக் கேள்வியையும் ஃபோனில் வாசித்துத் தந்தாள்.
விடியப்புறம் மூன்று மணிக்கு மா பிசையும்போது
காதுக்குள் அவள் குரல்,
நடுவில் ஒரு கொட்டாவி,
யாரோ கதவைத் தட்டியது, நாய்.
பரீட்சை மண்டபத்தில்
எழுத்துகள் வழக்கம்போல் இடம்மாறின.
கொட்டாவிக்கு அடுத்த கேள்வி எது என்று
எனக்குத் தெரிந்திருந்தது.
முப்பத்துநாலு.

ட்ரயல் அன்று
வீதியின் ஓரம் ஒரு மான்,
பொலித்தீன் பை மென்றுகொண்டு.
எல்லாரும் அதைப் பார்த்து ஒதுங்கிப் போனார்கள்.
நான் மதிலடி நிழலைப் பார்த்தேன்.
நிழல் அசைந்தது.
குட்டி பாய்வதற்கு முன்பே
என் கால் பிரேக்கில் இருந்தது.
பரிசோதகர் ஏதோ எழுதினார்.
எட்டிப் பார்க்கவில்லை.
பார்த்தாலும் ஒன்றும் பிடிபட்டிருக்காது.

இப்போது பாண் வானை நான்தான் ஓட்டுகிறேன்.
தழும்பை இன்னும் தொட்டுப் பார்ப்பதுண்டு,
முக்கியமாக ரிவர்ஸ் எடுக்கும்போது.

நேற்று ஒரு லொறிக்காரர்
நிலாவெளிக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார்.
"வலது" என்றது வாய்.
கை இடப்பக்கம் நீண்டது.
அவர் இரண்டையும் பார்த்தார், கொஞ்ச நேரம்,
பிறகு
கையை நம்பிப் போனார்.